ஆமென் சொல்வதற்குள்

போதகர் சற்குணத்தைவிட மில் முதலாளி தங்கையா வயதில் மூத்தவர். ஆனாலும் வேதம் கற்றுக்கொள்ள அவரிடம்தான் வருவார்.

ஒருநாள் கேட்டார். "ஐயா, இயேசு சொன்ன கதையில, வாசல்ல கிடந்த ஏழையைக் கவனிக்காத பணக்காரன் பாதாளத்துக்குப் போனானே. அவன் ஏழையை அடிக்கலியே, விரட்டலியே. அப்படி என்ன தப்பு செஞ்சான்?"

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார் போதகர். அன்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆலய வளாகத்தில் அசனம். ஊரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அரிசி, ஆடு எல்லாம் தங்கையா செலவு. இலையில் சோறு விழுந்ததும் ஜெபம் செய்ய மைக் அவர் கைக்கு வந்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க."

நீளமான ஜெபம்தான் நல்ல ஜெபம் என்பது அந்த ஊர்க் கணக்கு. மில்லுக்கு வந்த புது மெஷினுக்கு நன்றி சொன்னார். மகன்களுக்குச் சொன்னார். மருமகளின் வெளிநாட்டு வேலைக்கும் சொன்னார். வெயில் ஏறியது, சோறு ஆறியது.

கடைசி வரிசையில் ஒருவர் முன்னும் பின்னும் ஆடினார். உதடு வெளுத்து இலைமேலேயே சாய்ந்தார். பந்தியில் யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு பக்தியாகக் கண்ணை மூடியிருந்தார்கள்.

போதகர் ஓடினார். அவரைத் தூக்கி மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தார்.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"பிள்ளைகளுக்கு மட்டுந்தான் இருந்துச்சு ஐயா."

போதகர் சோற்றைக் குழைத்து ஊட்டினார். சலசலப்பு கேட்டுத் தங்கையா கண் திறந்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஆமென் சொல்லல, அதுக்குள்ள சோறா? நீங்களே கண்ணை மூடலியா?"

"மூடல."

"யாரு இந்த ஆளு?"



"மாசிலாமணி. உங்க மில்லுல மூட்டை தூக்குதவரு. புது மெஷின் மாட்ட மில்லை மூடுனியள்லா, அதுல இருந்து இவருக்கு வேலை இல்ல."

மாசிலாமணி தடுமாறி எழப் பார்த்தார். "முதலாளி, ஜெபத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

 மைக்கில் தங்கையாவின் மூச்சு கேட்டது.

போதகர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

"அன்னைக்குக் கேட்டியளே அண்ணாச்சி. அந்த ஏழை தெனமும் அந்தப் பணக்காரன் வாசல்லதான் கிடந்தான். ஆனா அவன் கண்ணைத் திறந்து ஏழையைப் பார்த்தது, பாதாளத்துல வச்சுதான்."