காவலுக்கு வந்த கரிச்சான்

கேளுங்கள் பிள்ளைகளே! ஒரு காட்டில் கரிச்சான் குருவி ஒன்று இருந்தது. கேட்ட குரலை அப்படியே திருப்பிக் கூவுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மயில், கீரி, மந்தி, செந்நாய் என்று ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. அதன் பெருமையடிப்பும் காடு முழுக்கக் கேட்டது.

அந்தக் காட்டு மான்களுக்கு மந்திதான் காவல். மர உச்சியிலிருந்து மந்தி "கக்கக்!" என்று கத்தினால், சிறுத்தை வருகிறது என்று பொருள். உடனே மான்கள் முன்பின் பாராமல் ஆற்றுத்துறைக்கு ஓடும். ஆழமில்லாத நீரில் இறங்கி அக்கரைக்குப் போய்விடும். அதுதான் வழக்கம்.

அந்த ஆண்டு மலைமேல் அத்தி நிறையப் பழுத்தது. மந்திகள் ஒன்றுவிடாமல் மலையேறிவிட்டன. மான்கள் கலங்கி நின்றன.

"நான் இருக்கிறேனே அக்கா!" என்று தலைமானிடம் வந்தது கரிச்சான். "மந்தியின் குரல் மந்தியைவிட எனக்கு நன்றாக வரும்."

"சரி தம்பி, உன்னை நம்பித்தான் மேய்கிறோம்" என்றது தலைமான்.

மறுநாள் உச்சிக்கிளையில் உட்கார்ந்த கரிச்சான், படித்த பாடத்தையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கியது. மயில் குரல் முடிந்தால் கீரி குரல். தன் குரலில் தானே சொக்கிப்போனது! கீழே புதருக்குள் சருகு நொறுங்கியது அதன் காதில் விழவே இல்லை.

சிறுத்தை பாய்ந்தது. ஒரு குட்டிமான் மயிரிழையில் தப்பியது. தொடையில் நகம் கீறி இரத்தம் வழிந்தது.

"உனக்கு வாய் இருக்கிறது, காது இல்லை!" என்று சீறியது தலைமான். "நாளைக்கும் இப்படியென்றால் நீ காவலுக்கே வேண்டாம்."

கரிச்சானுக்கு மானம் போயிற்று. குட்டியின் காயத்தைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே மூலையில் முடங்கும் பிறவியா அது? 'வாய் வந்ததுபோல் காதும் வரும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

அடுத்த நாள் அலகை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. கூவச் சொல்லி நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டது. மனம் நேற்றைய காயத்துக்கு ஓடியது. கரிச்சான் அதை இழுத்து வந்து மறுபடி காட்டின் ஓசைகளில் நிறுத்தியது. வண்டின் ரீங்காரமும் ஆற்றங்கரைத் தவளைகளின் சத்தமும் ஒவ்வொன்றாகக் காதில் விழத் தொடங்கின. காடு இவ்வளவு பேசுமா என்று அதற்கே வியப்பாக இருந்தது.

திடீரென்று தவளைகள் கப்சிப்பென்று அடங்கின. ஆற்றுத்துறை நாணலுக்குள் ஒரு வால்நுனி மெல்ல அசைந்தது. சிறுத்தை!

மந்திபோல் கத்தக் கரிச்சான் அலகைத் திறந்தது. திறந்ததை அப்படியே மூடியது. மந்திக் குரல் கேட்டால் மான்கள் எங்கே ஓடும்? நேரே ஆற்றுத்துறைக்கு! அது தெரிந்துதானே அந்தக் கள்ளன் அங்கே போய்ப் படுத்திருக்கிறான்!

படித்த பாடத்தில் இதற்கு விடை இல்லை. சரி, சிறுத்தை யாருக்குப் பயப்படும்? செந்நாய்க் கூட்டத்துக்கு!

கரிச்சான் ஓசையில்லாமல் பறந்து நாணலுக்குப் பின்னால் இறங்கியது. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடச் சீழ்க்கைதானே அடிக்கும்! அதேபோல ஒரு சீழ்க்கை அடித்தது. அடுத்த புதருக்குத் தாவித் தடித்த குரலில் இன்னொன்று. சிறுத்தை இடப்பக்கம் திரும்பினால் இது வலப்பக்கம் அடித்தது. வலப்பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

"ஐயோ, கூட்டமே சுற்றிவிட்டதே!" என்று அலறிய சிறுத்தை, பக்கத்து மருதமரத்தில் விழுந்தடித்து ஏறியது. மொட்டைக் கிளையில் வால் தொங்க நின்ற அதை எல்லா மான்களும் பார்த்துவிட்டன. ஒளிந்திருந்தால்தானே வேட்டை? மான்கள் மேட்டுப்பக்கமாக ஓடித் தப்பின.

"நாய்கள் எங்கே?" என்று உறுமியது சிறுத்தை.

"அத்தனை நாயும் நான்தான், சிறுத்தையாரே!" என்று சொல்லிப் பறந்தது கரிச்சான்.

மேட்டில் தலைமான் ஓடிவந்து அதை வரவேற்றது. "பிழைக்க வைத்தாய் தம்பி! நாளைக்கும் இந்தக் குரலையே கொடு."

"நாளைக்குக் காடு என்ன சொல்கிறதோ, அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா வாயைத் திறப்பேன்" என்றது கரிச்சான்.

நீதி: விழிப்போடு கவனித்து, வேளைக்குத் தக்கபடி மாற்றிச் செய்பவருக்கே கற்றது கைகொடுக்கும்.