வழி இல்லைன்னு சொன்ன பூதம்

என்னடா, வேலை வெட்டி இல்லாத கூட்டம் சரியான நேரத்துக்குக் கூடிட்டீங்க? டேய் மாசிலா, முறுக்கை எடுத்து நடுவுல வை. நீ கடிக்கிற சத்தத்துல ராஜா பேசுறது கேக்காது.

ராஜா பேரு கொங்குவேள். அவர்கிட்ட பூதங்கள் இருந்துச்சு. பயப்படாதீங்க, இப்ப நம்ம போன்ல ஏஐ ஏஜெண்ட் இருக்கே, அந்த ஜாதிதான். சொன்னதைச் செய்யும். சொல்லாததை அதுவா யோசிச்சுச் செய்யும். அங்கதான் வம்பே.

பூதங்களுக்கு வழி பாக்க ஒரு சக்கரம். புள்ளியெல்லாம் ஊரு, கோடெல்லாம் பாதை. ரெண்டு ஊர் பேரைச் சொன்னா குறுக்கு வழியைக் காட்டும். அதை எப்படிப் பயன்படுத்தணும்னு அரண்மனைப் பண்டிதர் கார்மேகனார் ஒரு கையேடு எழுதினார். சக்கரத்தோட அழகைப் பத்தியே முந்நூறு பாட்டு.

ராஜாவோட தங்கச்சி அலங்காரிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ வலி. மருந்தோட ஒரு பூதம் கிளம்புச்சு. வெள்ளத்துல பாலம் போயிருந்துச்சு, அதனால சக்கரம் ஒண்ணுமே காட்டல. ஒண்ணும் காட்டலைன்னா என்ன பண்ணணும்னு முந்நூறு பாட்டுலயும் கிடையாது. பூதம் தானே ஒரு பாலத்தைக் கற்பனை பண்ணி, அது மேல ஜம்முனு நடந்து, மருந்தோட தொபுக்கடீர்!

ராஜா கொதிச்சுப் போய் அரண்மனை விகடகவி பக்கம் திரும்புனார். "சடையாண்டி! நீதான் பெரிய வாயாடியாச்சே. ஒரே ஓலையில புதுக் கையேடு எழுது. அடுத்த பூதமும் விழுந்தா உன்னை நாடு கடத்திடுவேன்!"

"எழுதிடலாம் மகாராஜா. ஆனா அதுல ஒரு கெட்ட வார்த்தை வரும்."

"என்ன வார்த்தை?"

"நான் சொன்னா தலை போயிடும். பண்டிதர் வாயாலயே வரட்டும். அவரைக் கொஞ்ச நேரம் பூதம்னு நினைச்சுக்கோங்க. நிலாவுக்கு வழி கேளுங்க."

அந்தச் சபையில ஒரு வழக்கம். ராஜா முன்னாடி 'இல்லை'ன்னு சொல்றது அபசகுனம். உப்பு தீந்தா சமையல்காரன் "உப்பு நெறஞ்சிருக்கு"ம்பான்.

ராஜா கேட்டார்: "பண்டிதரே, நிலாவுக்கு வழி இருக்கா?"

"பேஷா உண்டு மகாராஜா!"

"எப்படிப் போகணும்?"

"அது... வடக்கு வாசல் வழியா நேரா... அப்புறம் மேல."

சடையாண்டி குறுக்கே புகுந்தான். "பிரமாதம்! மகாராஜா, ஐயாவைக் கோபுர உச்சிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அங்கிருந்து ஒரு எட்டு எடுத்து வச்சா மேலதானே?"

காவலாளிங்க ஆளுக்கொரு கையைப் பிடிச்சாங்க. பண்டிதர் அலறுனார்: "ஐயோ, வழி இல்லை! இல்லவே இல்லை!"

சபையே காதைப் பொத்துச்சு.

"இந்த வார்த்தைதான் மகாராஜா" அப்படின்னான் சடையாண்டி. "நம்ம பழக்கம்தான் பூதத்துக்கும் ஒட்டிக்கிச்சு." அங்கேயே உக்காந்து ஓலையில கிறுக்கினான்:

'கிளம்புற ஊரை முதல்ல சொல்லு, போற ஊரை அடுத்துச் சொல்லு. சக்கரம் காட்டுற வழியில போ. ஒண்ணும் காட்டலைன்னா வழி இல்லைன்னு அர்த்தம். திரும்பி வந்து அதையே சொல்லு. நீயா பாதை போடாத.'

அடுத்த பூதம் சக்கரத்துகிட்ட ரெண்டு ஊர் பேரையும் சொல்லுச்சு, ஒண்ணும் காட்டல. நேரா ராஜாகிட்ட வந்து, "வழி இல்லை"ன்னுச்சு.

ராஜா துள்ளி எழுந்தார். "அப்ப பரிசலை விடுங்கடா!"

மருந்து போய்ச் சேந்துச்சு. தாயும் சேயும் நலம். ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "சடையாண்டி, என்ன வேணும் கேளு!"

"இனிமே சபையில யாரு வேணா 'இல்லை'ன்னு சொல்லலாம்னு உத்தரவு போடுங்க."

"போட்டாச்சு! சோதிச்சுப் பாத்துடலாமா? சபையோரே, தினமும் சாயங்காலம் உங்களுக்குப் பாடுறேனே, நல்லா இருக்கா?"

"இல்லைஐஐ!"

கூரையில இருந்த புறா எல்லாம் பறந்துடுச்சு.

முதல்ல கத்துனது, அந்தச் சபையில விசிறி வீசிட்டு இருந்த நான்தான். வேலை போனதும் எனக்கு மட்டும்தான்.