காற்றுப் புகாத அறை

வெள்ளைக்கரியூர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். அங்கே நிலக்கரி வெட்டுகிறவர்கள் பாதி நாள் பூமிக்குள்ளேயே இருந்ததால், அவர்களுக்கே அது சரியாகத் தெரியாது.

அவர்களுக்கு மேஸ்திரி வெள்ளியங்கிரி. அவனுக்கு ஒரே பயம்தான். வேலை போனால் மாமனார் வீட்டில் எருமை மேய்க்க வேண்டும். எருமைகளும் அவன் பேச்சைக் கேட்பதில்லை என்பது போன பொங்கலுக்கே தெரிந்துபோயிற்று.

சுரங்கத்துக்குள் விஷப்புகை கிளம்பினால் ஓடிப்போய் அடைந்துகொள்ள ஓர் அறை கட்டியிருந்தார்கள். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள்கூட இருந்தன. ஆனால் சுரங்க வாயிலில் இருந்த ராட்சத விசிறி அனுப்பும் காற்று, அந்த அறையின் சுவரை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தது. கீறல் விட்ட இடமெல்லாம் நுழைந்தது. புகை கிளம்பினால் அதுவும் அதே வழியில் நுழையும்.

ஒருநாள் காலை இன்ஜினியர் துரைவேலு வந்து பார்த்தார். வெளிக்காற்று ஒரு பொட்டுகூட உள்ளே போகக் கூடாது, மதியம் வந்து சோதிப்பேன், ஒழுகினால் மேஸ்திரி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளியங்கிரிக்கு எருமைகளின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

முதலில் எல்லாரும் சுவரை மறைத்து நின்று, தள்ளுவதாக இருந்தால் எங்களைத் தள்ளு என்று காற்றுக்கு மார்பைக் காட்டினார்கள். காற்று அவர்கள் கால் சந்தில் புகுந்து சுவருக்குப் போயிற்று. சரி, உள்ளே போய்க் களிமண்ணால் கீறலை அடைப்போம் என்று கிளம்பினார்கள். அவர்களில் ஒருவனான சூசை வாசலில் கையை நீட்டி மறித்தான்.

"நில்லுங்கப்பா. நெஞ்சுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"காத்து."

"எந்த ஊர்க் காத்து அது?"

யோசித்துப் பார்த்தார்கள். வெளிக்காற்றுதான்.

ஆகவே ஒவ்வொருவனும் வாசலில் நின்று, வயிறு முதுகில் ஒட்டும்வரை மூச்சை வெளியே விட்டுவிட்டு உள்ளே குதித்தான். பிச்சைக்கனி குதிக்கும்போது விக்கல் வந்து ஒரு வாய்க் காற்று உள்ளே போய்விட்டது. அவனைத் திரும்ப வெளியே அனுப்பி மறுபடி குதிக்க வைத்தார்கள். வெள்ளியங்கிரியின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தால் பூரி. அதுவும் நன்றாக உப்பின பூரி. "கடத்தப் பாத்தியே மேஸ்திரி" என்றான் சூசை. வெளியிலேயே வைத்து ஒவ்வொன்றாக அமுக்கிக் காற்றை இறக்கினார்கள்.

பிறகு கதவைச் சாத்தி, உள்ளிருந்தபடியே கீறல்களையும் கதவிடுக்கையும் களிமண் வைத்துப் பூசினார்கள்.

மதியம் இன்ஜினியர் வந்தார். சுண்ணாம்புப் பொடியை எடுத்துச் சுவரோரம் தூவினார். ஓர் இடத்திலும் பொடி உள்ளே இழுபடவில்லை. அவருக்கே ஆச்சரியம். கதவைத் தட்டினார்.

"உள்ளே யாருப்பா? நான் பேசுறது கேக்குதா?"

பதில் சொல்ல வாயெடுத்த வெள்ளியங்கிரியின் வாயைப் பிச்சைக்கனி பொத்தினான்.

"மேஸ்திரி, குரல் எதுல ஏறி வருது?"

"காத்துலதான்."

"அப்ப அவர் குரல் உள்ள வந்துட்டுதுன்னா?"

வெள்ளியங்கிரிக்கு மறுபடி எருமைகள் நினைவுக்கு வந்தன. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, நினைவிருக்கட்டும் என்று எல்லாரையும் எச்சரித்தான். பிறகு கதவில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"ஒண்ணுமே கேக்கலைங்கய்யா."

வெளியே இன்ஜினியர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "வெள்ளியங்கிரி, சுவர் ஒழுகலைப்பா. உன் வேலை போகாது. கதவைத் திற."

காலையிலிருந்து இந்த வார்த்தைக்குத்தான் அவன் ஏங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் என்ன செய்வது, அவனுக்குத்தான் கேட்கவில்லையே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கதவில் வாயை வைத்தான்.

"எவ்வளவு நல்ல சேதியா இருந்தாலும் கேக்காதுங்கய்யா."