ஃபிரிட்ஜுக்குள் ஒரு கேமரா

உள்ளே கேமரா வைத்த ஃபிரிட்ஜ் விற்கவிருந்த ரங்கராஜுலுவிடம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வேதவல்லி சொன்னாள்: "உள்ளே இருக்கறதைப் போன்ல காட்டுற ஆப்புக்கு பாஸ்வேர்டு வைக்கணும் சார். இல்லாட்டி யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

அவர் சிரித்தார். "ஃபிரிட்ஜுக்குள்ள என்னம்மா ரகசியம்?"

"அப்போ அறிமுக விழாவுல உங்க ரூம் ஃபிரிட்ஜையே காட்டட்டுமா?"

"தாராளமா காட்டு."

விழாவில் எல்லார் போனிலும் அது தெரிந்தது. மோர் பாட்டிலுக்குப் பின்னால், அவரே மறந்துபோன, பாதி தின்ற சிக்கன் பிரியாணி. மாதமோ புரட்டாசி; நெற்றி நிறைய நாமத்தோடு மேடையில் நின்றிருந்தார் ரங்கராஜுலு. முன்வரிசையில் அவருடைய அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

கூனிக் குறுகிப் போனார் மனிதர். வேதவல்லியிடம் மெல்ல, "பூட்டிடும்மா" என்றார்.

"உங்க அம்மாவுக்கும் சேர்த்தா சார்?"

அதற்குள் மேடையருகே வந்திருந்த அம்மாதான் பதில் சொன்னார்:

"நல்லாப் பூட்டிக்கட்டும். நான்தான் பார்த்துட்டேனே."