பதினோரு பேர் சொன்ன அபிப்பிராயம்

கல்லாற்றங்கரை ஆசிரமத்தில் குரு சின்னவர், சிஷ்யை பெரியவள். அமிர்தலிங்க சாமிக்கு நாற்பத்தாறு வயது, ஹேமலதாவுக்கு ஐம்பத்தைந்து. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார். அவள் வாய்க்குப் பயப்படாதவர் அங்கே அவர் ஒருவர்தான். பால்காரர்கூட அவள் எதிரில் இல்லாத நேரம் பார்த்துப் பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், கணவர் தணிகாசலம் காலமான மூன்றாம் மாதம் அவள் இங்கே வந்தாள். பக்தியால் வரவில்லை. அதை முதல் நாளே சொல்லிவிட்டாள். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார். எதற்கு என்று கேட்டால், சும்மா என்பார்.

"என் வாய்க்குப் பயந்துதான் இங்க ஓடி வந்தாரு. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்."

"பாருங்க அக்கா" என்றார் சாமி.

அவ்வளவுதான் உபதேசம். பார்க்க வந்தவள் சமையல்கட்டில் நுழைந்தாள். ரசத்தில் புளி போதவில்லை என்று ஆரம்பித்தவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

இந்த ஐப்பசி மழையில் ஆசிரமத்து நூலகச் சுவர் ஊறிப்போய், மூன்று மர பீரோக்களில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. புத்தகங்கள் எப்படியோ தப்பின. அறுநூறு புத்தகம், ஒரு பீரோ. மிச்சத்தைத் தள்ளியாக வேண்டும். புதன்கிழமை காலை பழைய பேப்பர்காரர் வண்டியோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். பொறுப்பு ஹேமலதா தலையில் விழுந்தது.

"எதை வச்சுக்கிறது, எதைத் தள்றது, சாமி?"

"படிச்சவங்களைக் கேளுங்க."

கேட்க வழி இருந்தது. அந்த நூலகத்தில் ஒரு வழக்கம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதைப் பற்றி வாயால் ஒரு வரி சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம். பழைய நூலகர் முத்துக்குமரு அதைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில், தேதி, பெயர், அபிப்பிராயம் என்று மூன்று கட்டம் போட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொள்வார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. முப்பது வருஷம் அப்படி எழுதினார். ஹேமலதா வருவதற்கு முந்தின மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அவள் ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். அவள் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனி விடைத்தாள் திருத்தும்போது பெயர் இருக்கும் ஓரத்தை மடித்து ஊசி குத்திவிடுவார். பேரைப் பார்த்தால் மனசு சாயும், மனசு சாய்ந்தால் மார்க்கும் சாயும் என்பார். அந்தக் கண்டிப்பு அவளுக்கு உடம்போடு ஒட்டிப்போனது. தேதியையும் பெயரையும் அட்டையால் மறைத்துவிட்டு அபிப்பிராயத்தை மட்டும் படித்தாள். நல்லது என்றால் இந்தப் பக்கம். இல்லை என்றால் சாக்கு மூட்டை.

வேலை நினைத்த வேகத்தில் நடக்கவில்லை.

கிணறு வெட்டுவது பற்றிய புத்தகத்தில், 'எங்கள் கிணற்றில் தண்ணீர் வந்தது' என்று ஒருவர். கீழேயே, 'எங்கள் கிணற்றில் வரவில்லை' என்று இன்னொருவர். பாம்புகளைப் பற்றிய நூலுக்கு, 'படித்ததிலிருந்து கொல்லைப்பக்கம் போவதில்லை.' சமையல் புத்தகத்துக்கு, 'எல்லா அளவும் சரி, உப்பைத்தான் எழுத மறந்துவிட்டார்கள்.' ராஜாக்களின் சரித்திரத்துக்கு, 'நல்ல தூக்கம் வந்தது.' அது புகழ்ச்சியா வசையா என்று கொஞ்சம் யோசித்து, தூக்கம் வருவது நல்லதுதானே என்று அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்த ஒரு தடித்த புத்தகத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்: 'நடுவில் நாலு வாரம் காணோம். நானே நினைத்துக்கொண்டேன்.'

அதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. கான்வென்ட்டில் மாரல் சயின்ஸ் புத்தகத்துக்குள் தொடர்கதையை மறைத்து வைத்துப் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அந்தக் கதைகளையெல்லாம் அடுப்படியில் நின்றபடி அவள் தணிகாசலத்துக்குச் சொல்வாள். அவர் வாசல்படியில் தம்ளரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கதை முடிந்த பிறகு எதிர்வீட்டுக்காரி, வீட்டுக்காரர், விலைவாசி, அவர் அக்கா என்று பேச்சு எங்கெங்கோ போகும். அவர் எழுந்து போனதில்லை. காதில் வாங்கினாரா என்றுதான் அவளுக்குக் கடைசிவரை தெரியாது. குழம்பு எப்படி என்று கேட்டால் சுமார் என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டுவார். புதுப் புடவையா, சுமார். அவள் பாட்டா, சுமார். இருபத்தேழு வருஷமும் அந்த ஒற்றை வார்த்தைதான்.

செவ்வாய் சாயங்காலம் சாமி வந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றைப் பிரித்து மேலாக இருந்த புத்தகத்தை எடுத்தார். அட்டையும் தலைப்பும் போய், முதுகில் 214 என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்த குடும்ப நாவல்.

"இது ஏன் இங்க இருக்கு?"

"அதுல கதையே இல்ல, சாமி. நானும் பாதி படிச்சேன். ரயில்வேக்காரன் பெண்டாட்டி ஒருத்தி காலையில வாயைத் திறந்தா ராத்திரிதான் மூடுறா. அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். முந்நூறு பக்கமும் இதேதான்."

"படிச்சவங்க என்ன சொன்னாங்க?"

அவள் வாங்கிக் கடைசித் தாளைப் பிரித்து, காலண்டர் அட்டையை அதன் இடத்தில் வைத்து, விரலால் கீழே நகர்த்திக்கொண்டே வந்தாள். முதல் ஆள், 'இந்த அம்மா வாயை மூடவே மாட்டாளா.' இரண்டாவது ஆள், 'தலைவலி.' அதற்குக் கீழே வரிசையாக சுமார், சுமார், சுமார். இப்படிப் பேசுகிறவர்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று அன்று காலையிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்திருந்தது.

"பதினோரு பேர் சுமார்னு சொல்லியிருக்காங்க. பதினோரு பேருமா தப்பா சொல்லுவாங்க?"

"அந்த அட்டை எதுக்கு அக்கா?"

அவள் சிஸ்டர் லியோனியைப் பற்றிச் சொன்னாள். மனசு சாய்வதைப் பற்றிச் சொன்னாள். சாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை நீட்டி அட்டையை மெல்ல இழுத்துத் தரையில் வைத்தார்.

முதல் இரண்டு வரியில் வேறு யாரோ. மூன்றாவது வரியில், தணிகாசலம், மின்வாரியம். நான்காவது வரியில் தணிகாசலம், மின்வாரியம். பெயர் மாறவே இல்லை. தேதிதான் மாறிக்கொண்டு போனது. ஒரு வைகாசி, ஒரு தை, அதற்கடுத்த வருஷம், மூன்று வருஷம் விட்டு, மறுபடியும். பதினோராவதாக இருந்த கடைசித் தேதி, அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு.

அவள் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை படித்தாள்.

வெளியே மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று கத்தியது. வழக்கமாக என்றால் அதற்கே அவள் ஒரு பாட்டம் திட்டியிருப்பாள்.

"இதைப் படிக்கவா பஸ் ஏறி வந்தாரு?" குரல் தணிந்துபோயிருந்தது. "இந்த மாதிரி ஒருத்தி வீட்டுலயே இருக்கறப்போ?"

அவள் விரல் மறுபடியும் கடைசி வரிக்குப் போனது.

"பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொன்னா குறைஞ்சா போயிடுவாரு? பதினோரு தடவையும் சுமாராம். நான் எதை நம்புறது, சாமி?"

"வீட்டுல குழம்பு எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவாரு?"

"அதையேதான். சுமார்னு."

"சொல்லிட்டு?"

ஹேமலதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டு..." என்று ஆரம்பித்தவள் குனிந்து பார்த்தாள். மடியில் 214-ஆம் எண் விரிந்து கிடந்தது.