தவளைப் பாட்டில் சொல் கரைந்த கதை

அந்தக் காலத்தில், ஆடு மாடு பாம்பு பல்லி எல்லாம் பேசித் திரிந்தபோது, தவளை மட்டும் பேச்சோடு நிற்காமல் பாடவும் செய்தது. இழுத்துப் பாடுகிற பாட்டு இல்லை. இப்போது ராப் என்று பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்களே, அந்த மாதிரி. தாளம் ஓடும், அதன்மேல் சொல் ஓடும், மூச்சு விட நேரம் இருக்காது. அதைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்று தவளைகள் உரிமை கொண்டாடினால் நான் மறுக்க மாட்டேன்.

ஓர் ஊருணியில் மதகடி மாடன் என்றொரு தவளை இருந்தான். அந்தத் தண்ணீரில் அவனை மிஞ்சிய வாய் கிடையாது. ஒரு கோடையில் எருமை ஒன்று தினமும் வந்து, தவளைகள் முட்டையிட்ட இடத்திலேயே புரண்டு புரண்டு படுத்தது. தட்டிக்கேட்க யாருக்கும் துணிவில்லை. மாடன் மதகின் மேல் ஏறி உட்கார்ந்தான். மற்ற தவளைகள் தண்ணீரில் காலால் அடித்துத் தாளம் போட, அவன் எடுத்துவிட்டான்:

“மாடன் என் பேரு, மதகடி என் ஊரு,
மூணாம் கல்லுக்குக் கீழ வந்து பாரு!
எருமைக்குத் தண்ணியெல்லாம், எங்க சனத்துக்குச் சேறு,
எதுக்குன்னு கேக்கணும்னா என்னை விட்டா யாரு?”

எருமைக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் முதல் அது எதிர்க்கரையில் ஒதுங்கிப் படுத்தது. அதற்குப் பிறகு ஊருணியில் அதுவே சட்டமாகிவிட்டது. பாட வருகிறவர் முதலில் பேரைச் சொல்ல வேண்டும், இருக்கும் இடத்தை அடையாளத்தோடு சொல்ல வேண்டும், ஒவ்வொரு சொல்லும் அக்கரை வரை தெளிவாகக் கேட்க வேண்டும். பிறத்தியாரைக் குற்றம் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்கிறவர் பாட்டை யார் மதிப்பார்கள் என்பது மாடனின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

வருடங்கள் போயின. மாடனின் தம்பி மகள் சேம்பி வளர்ந்து பாட வந்தாள். அவளும் அவள் கூட்டாளிகளும் பாடியது வேறு விதமாக இருந்தது. பேர் இல்லை, ஊர் இல்லை. சொற்களைப் பாதியிலேயே விழுங்கினார்கள். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப உருட்டினார்கள். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் தொடங்கினார்.

மாடனுக்குப் பொறுக்கவில்லை. “வாயில என்ன கொழுக்கட்டையா? எங்க காலத்துல ஒரு சொல் விட்டா எருமை எழுந்து போச்சு. நீங்க பாடினா கொசுகூட நகராது” என்றான். அவன் சின்ன வயதில் பாடியபோது, இது பாட்டா, வாய்ச்சண்டையா என்று அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்டது அவனுக்கு மறந்துபோயிருந்தது. எல்லோருக்கும் மறந்துபோகிற விஷயம்தான் அது.

மழைக்காலத்தின் முதல் நாள் காலை, எல்லாத் தவளைகளும் கூடியிருக்க, மாடன் கண்டிப்பாகச் சொன்னான். “பேரும் ஊரும் சொல்லாத யாரும் இனிமே மதகு மேல ஏறக் கூடாது. என் தம்பி மகளா இருந்தாலும் சரி.”

“அப்போ நான் ஏறல பெரியப்பா” என்றாள் சேம்பி.

“பயமா?”

“ஆமா, பயம்தான். எங்க அப்பா பேரும் ஊரும் சொல்லிப் பாடினாரு. மறுநாள் சாரைப்பாம்பு நேரா அவர் வாசலுக்கே வந்துச்சு. நான் சேம்பு இலைக்கு அடியில இருந்து பார்த்தேன்.”

மாடனுக்குச் சுருக்கென்றது. தம்பி சுனையன் வேறு குளம் தேடிப் போய்விட்டான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். மாடனின் கல்லிடுக்கில் பாம்புத் தலை நுழையாது, அதனால் அவனுக்கு அந்தப் பயமே தெரியாது. சுனையன் கூச்சக்காரன். பாட்டில் தன் பொந்தைச் சொல்லத் தயங்கினான். ‘வலப்பக்க வேருக்குள்ள வந்து எட்டிப் பாரு’ என்ற வரியைக் கட்டி அவன் வாயில் வைத்தது மாடன்தான்.

“பாம்புக்குப் பாட்டு புரியுமா? தற்செயலா வந்திருக்கும்” என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. “சரி. இப்ப நான் இல்லாத இடத்தைச் சொல்லிப் பாடுறேன். சாரை அங்க வரலைன்னா நாளைக்கு நீ பேர் சொல்லிப் பாடணும்.”

“வந்துட்டா?”

“வராது.”

மாடன் மதகின் மேல் ஏறினான். தாழம்புதருக்குள் யாரும் இல்லாத ஒரு குழியைத் தன் வீடென்று, ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கும்படி பாடினான். வாழ்நாளில் முதல் தடவையாகப் பாட்டில் பொய் சொன்னான். பிறகு எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கி, கண் மட்டும் வெளியே தெரியக் காத்திருந்தார்கள்.

சாரை வந்தது. இடப்பக்கம் பார்க்கவில்லை, வலப்பக்கம் பார்க்கவில்லை. தாழம்புதருக்கு நேராகப் போய், அந்தக் குழிக்குள் தலையை விட்டுத் தேடியது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போயிற்று.

மாடன் சேம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“உங்கப்பனுக்கு அந்த வரியைக் கட்டிக் கொடுத்தது நான்தான்.”

“தெரியும் பெரியப்பா. வீட்டுல அதையே சொல்லிச் சொல்லிப் பழகுவாரு. அண்ணன் கட்டின வரின்னு அவருக்கு அவ்வளவு பெருமை.”

மாடன் அழுதான். தவளை அழுதால் தண்ணீரில் தெரியாது, ஆனால் சேம்பிக்குத் தெரிந்தது. நகர்ந்து அவனோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை நல்ல மழை பெய்து ஓய்ந்தது. யாருக்கும் பாடத் தோன்றவில்லை. “நீங்க ஆரம்பிங்க பெரியப்பா. உங்க தாளம் இல்லாம எங்க பாட்டு நிக்காது” என்றாள் சேம்பி. மாடன் மதகில் ஏறாமல் கோரைப்புல்லுக்குள் மறைந்துகொண்டு வாயைத் திறந்தான். பழக்க தோஷம், பேர் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான். தொண்டை பலூன் மாதிரி உப்பியது. சொல் எல்லாம் உள்ளே தங்கிவிட, தாளம் மட்டும் வெளியே வந்தது. சேம்பி சேர்ந்துகொண்டாள். ஊருணி முழுவதும் சேர்ந்துகொண்டது. சாரை கரையில் தலையைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தது. எந்தக் குரல் எங்கிருந்து வருகிறதென்று அதற்குப் பிடிபடவில்லை. அது கிட்டே நெருங்கியதும் மாடன் சத்தத்தை நிறுத்தினான், அத்தனை பேரும் நிறுத்தினார்கள். பசியோடு அது போய்விட்டது.

அன்று முதல்தான், மழை விட்டதும் ஏதோ ஒரு தவளை தனியாகத் தொடங்க, மற்றவை வந்து சேர்ந்துகொள்கின்றன. கிட்டே போனால் அத்தனையும் சட்டென்று வாயை மூடிக்கொள்கின்றன. விடிய விடியப் பாடினாலும் எந்தத் தவளையும் தன் பேரைச் சொல்வதில்லை.