‘ம்’மை நம்பி இறங்கின சாருலதா

ஒரு ஊர்ல ஒரு சாருலதா இருந்தா. பேர் இருந்துச்சே தவிர, அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல.

ம் சொல்லு. அப்படி இல்ல, காதைக் குடுத்து ம் சொல்லு. வாயால மட்டும் ம் சொல்றவங்களை நான் போதும் போதும்னு பாத்தாச்சு. பீரோவைக் குடைஞ்சு ஒரு பின்னை எடுத்தியே, அதை முதல்ல தலகாணிக்கு அந்தப் பக்கம் வை, குத்தும். அது கதையில வரும். வர்ற வரைக்கும் நோண்டாதே.

அந்தச் சாருலதாவுக்கு ஒரு வீட்டுக்காரர். அவர் பேரா? அவர் பேரை நான் சொல்லக்கூடாது, விடு. அவர் அவளை ‘இந்தா’ன்னு கூப்பிடுவாரு. “இந்தா, காப்பி.” “இந்தா, என் கண்ணாடி எங்க?” “இந்தா, போன் அடிக்குது பாரு.” இந்தான்னா என்ன? ஒருத்தருக்கு ஒண்ணைக் குடுக்கறப்ப சொல்றது. இந்தா மிட்டாய், இந்தா பென்சில். இவர் என்னடான்னா இருபத்தெட்டு வருஷமா இந்தா இந்தான்னு வாங்கிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஒரு நாள் நிஜமாவே ஒண்ணு குடுத்தாரு. “இந்தா, நான் ரிட்டயர் ஆயாச்சு. உன்னை ஸ்வீடன், நார்வேன்னு கூட்டிட்டுப் போறேன். நீ ஒரு துரும்பை எடுத்துப் போட வேண்டாம். ரெஸ்டு.”

சாருலதா நம்பினா.

அவ என்ன மக்கா? இல்லடி, கான்வென்ட்ல படிச்சவ, திருச்சியில. அங்க சிஸ்டர் பெர்னதெத் தினம் காலையில அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க. “சாருலதா!” ஒரு எழுத்தை முழுங்காம, நிறுத்தி. இவ டக்குனு எழுந்து, “பிரசென்ட், சிஸ்டர்!” அதோட சரி. அப்புறம் அந்தப் பேர் முழுசா வந்தது கல்யாணப் பத்திரிகையிலயும் ரேஷன் கார்டுலயும்தான். ரெண்டுக்கும் வாய் கிடையாது.

அப்புறம் ரெண்டு பேரும் ஏரோப்ளேன்ல போய் இறங்கினாங்க. அங்க ஒரு கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்தாரு. வேனுக்குள்ளேயே கட்டில், கக்கூஸ், குட்டி ஃபிரிட்ஜ், எல்லாம். கதவைத் தொறந்ததும் முதல்ல தெரிஞ்சது என்ன தெரியுமா? ரெண்டு பர்னர் அடுப்பு. அவ்வளவு தூரம் பறந்து வந்தா, அடுப்பு அவளுக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு. “பாத்தியா, உனக்கு வசதியா இருக்கும்”னாரு.

ம்?

ம்.

ஸ்வீடன்னா குளிர், குளிர்னா ஸ்வீடன்னு ஆளுக்கு நாலு ஸ்வெட்டரு, கம்பளி சாக்ஸு, குரங்குக் குல்லா எல்லாம் மூட்டை கட்ட வெச்சாரு. “ஏ.சி. இருக்கற வேன் எதுக்கு? ஃபிரிட்ஜுக்குள்ள போறவன் ஃபேனைத் தூக்கிட்டுப் போவானா?”ன்னு ஊர் பூரா இதையே ஜோக்காச் சொன்னாரு. போய் இறங்கினா, அடிச்சுது பாரு வெயிலு! அந்த ஊர்க்காரங்களே அப்படி ஒரு வெயிலைப் பாத்ததில்லயாம். தகரக் கூரை தகதகன்னு காயுது. தார் ரோடு செருப்புல சப்பு சப்புன்னு ஒட்டுது. எருமைங்க குளத்துல கிடக்குமே, அந்த மாதிரி ஊர் மொத்தமும் ஏரியில கிடந்துச்சு, மூக்கு மட்டும் வெளிய. அந்தச் சூரியன் இருக்கே, அது ராத்திரி பத்து மணிக்கும் கிளம்பாது. சாப்பிட்டு முடிச்சும் எழுந்திருக்காம உக்காந்திருக்கற விருந்தாளி மாதிரி.

காடு காய்ஞ்சு கிடந்ததால வெளிய தீ மூட்டக்கூடாதுன்னு போர்டு போட்டிருந்தான். சட்டம்னா அவருக்கு உயிரு. “இந்தா, வெளிய அடுப்பு கூடாதாம். உள்ளயே சமைச்சுரு”ன்னு சொல்லிட்டு ஏரியில காலை விட்டுக்கிட்டு உக்காந்துப்பாரு. அவ அந்தத் தகர டப்பாக்குள்ள நின்னு குழம்பு கொதிக்க வைப்பா. குழம்பு ஒரு பக்கம் கொதிக்கும், அவ ஒரு பக்கம் கொதிப்பா. கரையில இருந்து குரல் வரும், “ரிலாக்ஸ் பண்ணு, ரிலாக்ஸ் பண்ணு, அதுக்குத்தான வந்தோம்!”

காலை ஆட்டாதே. கேளு.

ஆறாம் நாள், அவருக்கு இட்லி வேணும். குளிர் நாட்டுல மாவு லேசுல புளிக்காது, டப்பாவை இறுக்கி மூடிச் சூடான இடத்துல வைக்கணும்னு யாரோ சொல்லியனுப்பி இருந்தாங்க. இவ அரிசி மாவையும் உளுந்து மாவையும் கரைச்சு, பெரிய டப்பாவுல ஊத்தி, இறுக்கி மூடி, கட்டிலுக்குக் கீழ வெச்சா. வெளிய அடிக்கிற வெயில்தான் தலையில இறங்குதே, அதைப் பாத்தாவது யோசிக்க வேண்டாமா? யோசிக்கல. ஊர் சொன்னதை நம்பினா. அவளுக்கு அதுதான் வியாதி.

மறுநாள் காலையில ஒரு பெட்ரோல் பங்க்ல வண்டி நிக்கறப்ப, கட்டிலுக்குக் கீழருந்து புஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். என்னடான்னு குனிஞ்சு மூடியில கை வெச்சா. டொப்! மூடி கூரையில போய் இடிச்சுது, மாவு அவ மூஞ்சி, முடி, சுடிதார் எல்லாத்துலயும். சிரிக்கிறியா? சிரி. அவளுக்கும் சிரிப்புதான் வந்துச்சு, கூடச் சிரிக்க ஆள் வேணுமே.

அவர் டீசல் போட்டு முடிச்சிட்டு போன்ல மேப் பாத்துக்கிட்டு நின்னாரு. இவ எட்டிப் பாத்து, “என்னங்க, மாவு கொட்டிருச்சு, நான் கடைக்குள்ள போய்க் கழுவிட்டு வந்துடறேன்”னா.

“ம்”னாரு.

அந்த ம்மை நம்பி இறங்கினா.

கழுவிட்டு, ஈரத் துணியோட வெளிய வந்தா, வண்டியைக் காணோம். விர்ர்ர்னு தூரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி, காட்டு ரோட்டுல திரும்பிப் போயிருச்சு. மணி பத்தே முக்கால். அவ போன் வண்டியில. பாஸ்போர்ட் வண்டியில. பிரஷர் மாத்திரை வண்டியில. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மரம், மரம், மரம். எப்பவும் அவ பின்னாடி கட்டில்லதான் உக்காருவா, திரை போட்டுக்கிட்டு. முன் சீட்டுல அவரோட கேமரா உக்காந்திருக்கும். அதனால அவ ஏறினாளா இல்லயான்னு அவருக்குத் தெரியணும்னா, திரும்பிப் பாக்கணும்.

ம்?

ம்.

அந்த பங்க் கடையில ஒரே ஒரு பொண்ணுதான் வேலைக்கு இருந்தா. பேர் தூவா. ஆமா, உப்பு தூவுற மாதிரி தூவா. தலைமுடி சோளக் கதிர் மாதிரி, மூக்கெல்லாம் வெயில்ல உரிஞ்சு கிடந்துச்சு. “என்ன ஆச்சு?”ன்னு கேட்டா. சாருலதா கான்வென்ட் இங்கிலீஷ்ல, இலக்கணம் பிசகாமச் சொன்னா. வீட்டுக்காரரோட இருக்கறப்ப அவ இங்கிலீஷ் பேச முடியாது, அவரே முந்திக்கிட்டு தப்புத் தப்பாப் பேசுவாரு.

“போலீசுக்கு போன் பண்ணலாம். உங்க பேர் என்ன?”

“சாருலதா.”

“ஷா-ரு-லா-ட்டா”ன்னு தூவா நிறுத்திச் சொன்னா. ஒரு எழுத்தை முழுங்கல.

சாருலதாவுக்கு முதுகு தன்னால நிமிர்ந்துச்சு. வாய் வரைக்கும் வந்துருச்சு, “பிரசென்ட், சிஸ்டர்.”

அப்புறம் அவ என்ன சொன்னா தெரியுமா? “போலீஸ் வேண்டாம். நான் இங்க உக்காந்துக்கறேன். நான் வண்டியில இல்லங்கறது அவருக்கு எப்பத் தெரியுதுன்னு பாக்கணும்.”

தூவா சிரிச்சா. “பத்து நிமிஷத்துல வந்துருவாரு.”

“பாப்போம்”னா சாருலதா.

பதினொண்ணு ஆச்சு. பதினொண்ணரை ஆச்சு. ஒரு வெள்ளை வேன் வந்துச்சு, இவ எழுந்தா. பின்னாடி ரெண்டு சைக்கிள் தொங்குச்சு. அவர் இல்ல. அப்புறம் ஒண்ணு வந்துச்சு, இவ பாதி எழுந்தா. அதுல ஜன்னல் வழியா ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது முன் சீட்ல உக்காந்திருந்துச்சு. நாயி, முன் சீட்ல.

வெயில் ஏற ஏறக் கடையில கூட்டம். எல்லாருக்கும் ஐஸ்கிரீம், ஐஸ் தண்ணி. தூவா ஒத்தை ஆளா அல்லாடினா. சாருலதாவுக்கு சும்மா உக்காரத் தெரியாதே, எழுந்து போய் ஐஸ்கிரீம் பெட்டியைத் தொறந்து எடுத்து எடுத்துக் குடுத்தா. அப்போ தூவா, கடையில வேலை பாக்கறவங்க பேர் எழுதிக் குத்திக்கற பேட்ஜ் பின்னுல காலியா ஒண்ணை எடுத்து, அதுல பெரிய எழுத்துல அவ பேரை எழுதி, அவ துப்பட்டாவுல குத்திவிட்டா. வர்றவன் போறவன் எல்லாம் படிச்சுப் படிச்சு, “தாங்க்ஸ், ஷாருலாட்டா! தாங்க்ஸ், ஷாருலாட்டா!” சின்னதுலருந்து கிழம் வரைக்கும். இருபத்தெட்டு வருஷத்துல கேக்காததை ரெண்டு மணி நேரத்துல கேட்டுட்டா. ஆமா, அந்தப் பின்னுதான். அங்கயே இருக்கட்டும், எடுக்காதே.

அந்த நேரத்துல அவர் என்ன பண்ணாரு? இதெல்லாம் பின்னால அவரே சொன்னது, பெரிய ஜோக் மாதிரி. பத்து கிலோமீட்டர்ல “இந்தா, தண்ணி”ன்னு கையைப் பின்னாடி நீட்டினாராம். தண்ணி வரல. சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்னு விட்டுட்டாராம். அப்புறம் நார்வே மலையெல்லாம் எப்படி உண்டாச்சுன்னு ஒரு மணி நேரம் சத்தமாச் சொல்லிக்கிட்டே ஓட்டினாராம். பின்னாடி ஒரு பதிலும் இல்ல. அதுல அவருக்கு ஒரு சந்தேகமும் வரல, என்னிக்குமே பதிலுக்கு அவர் இடம் விட்டதில்லயே! அப்புறம் மணி ஒண்ணு. ஒரு ஏரிக்கரையில நிறுத்தி, மடக்கு மேஜையைப் பிரிச்சுப் போட்டு, கையை அலம்பிட்டு உக்காந்தாராம். உக்காந்தாரு, உக்காந்தாரு, தட்டு வரல.

அப்பத்தான் திரும்பிப் பாத்தாராம்.

பொண்டாட்டி இல்லங்கறது பொண்டாட்டியால தெரியல. தட்டால தெரிஞ்சுது.

ம் சொல்லு. தூங்கிட்டியா? ம்... சரி.

மூணரை மணிக்கு வந்தாரு. வண்டி சத்தம் அவளுக்குத் தெரியும். டக்குனு பிஸ்கட் அடுக்கி வெச்சிருந்த ஸ்டாண்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா, தூவாவைப் பாத்து வாயில விரலை வெச்சா. தூவா கண்ணைச் சிமிட்டினா.

டிங்னு கதவு மணி. அவர் வேர்க்க விறுவிறுக்க உள்ள வந்து, “என் மனைவியைக் காணோம். இந்தியாக்காரி. காலையில இங்கதான் இறங்கியிருக்கணும்”னாரு.

“பேர் என்ன?”ன்னா தூவா.

சாருலதா மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. இங்க வேற வழியே இல்ல பாரு. இந்தான்னு சொல்ல முடியாது. சொல்லித்தான் ஆகணும்.

அவர் கொஞ்சம் முழிச்சாரு. முழிச்சிட்டு, ‘மிஸஸ்’னு ஆரம்பிச்சு, பின்னால தன் பேரையே சேர்த்துச் சொன்னாரு.

“அப்படி இங்க யாரும் இல்லயே”ன்னா தூவா, மூஞ்சியை இறுக்கி வெச்சுக்கிட்டு. “இங்க இருக்கறது ஒரு ஷாருலாட்டாதான்.”

அவர் கையை வீசினாரு. “நோ, நோ. அது என் மனைவி இல்ல.”

சொல்லிட்டுத் திரும்பி நடந்தாரு. டிங். வண்டி குர்ர்ர்னு கிளம்புது.

தூவாவுக்கு இப்போ சிரிப்பு வரல. அவ இவளைப் பாக்கறா, இவ கதவைப் பாக்கறா.

அப்படியே போகட்டும்னு விட்டிருக்கலாமேங்கறியா? விட்டுட்டு எங்க போறது, காட்டுக்கா? பாஸ்போர்ட்டு அந்த வண்டியில. மாத்திரை அந்த வண்டியில. இருபத்தெட்டு வருஷமும் அந்த வண்டியிலதான். வெளிய வந்தா. “என்னங்க”ன்னா.

பிரேக் கிறீச்சுனு விழுந்துச்சு. ஜன்னல் வழியா தலையை நீட்டினாரு. “இந்தா! இங்கயேதான் இருக்கியா? சொல்லிட்டு இறங்க மாட்டியா? பசி உயிர் போகுது, ஏறு ஏறு.”

சொல்லிட்டுத்தாங்க இறங்கினேன்னு அவ சொல்லல. ஏறினா. ஏறினது எங்க தெரியுமா? முன் பக்கம். கேமராவைத் தூக்கிப் பின்னாடி கட்டில் மேல போட்டா, சீட்ல நிமிர்ந்து உக்காந்தா. இட்லி சட்டியைத் தொடல. அன்னிக்கு அவர் ரொட்டியைப் பிச்சுத் தின்னாரு.

அந்தப் பின்னை அவ கழட்டவே இல்ல. ஸ்வீடன் பூரா, நார்வே பூரா, ஏரோப்ளேன்ல, திருச்சி வந்து வாசப்படி ஏறுற வரைக்கும். அவர் அதை ஒரே ஒரு தடவை பாத்தாரு. “இந்தா, அது என்ன, அந்த பங்க்ல இனாமா? எனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?”

அவ்வளவுதான்.

என்னது? அந்தச் சாருலதா இப்ப எங்க இருக்காளா? இருக்கா, எங்க போவா. இட்லிக்கு மாவு கரைக்கிறா. ஆனா டப்பாவை மட்டும் இறுக்கி மூடறதில்ல.

சே, என்ன கேள்வி இது, “பெரியம்மா, உன் பேர் என்ன?”ன்னு. இவ்வளவு நாளும் கேட்டியா? அந்தப் பின்னுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. ஒண்ணாங்கிளாஸ் போய் எழுத்துக் கூட்டப் படிச்சதும் முதல்ல அதைப் படி. நிறுத்தி, ஒரு எழுத்தை முழுங்காமப் படி. நான் எழுந்து நிப்பேன்.

கேக்குதா, ஹால்ல இந்தா இந்தாங்கறாரு உன் பெரியப்பா. கண்ணாடியைக் காணோமாம். நீ ஏன் எழுந்திருக்கிற? படு. நான் இங்கருந்தே பதில் சொல்லிக்கறேன்.

“ம்!”

போதும். சாருலதா கதை தீர்ந்துச்சு, பின்னு பத்திரம், நீ கண்ணை மூடு.